மாதன் வேட்டையை நஞ்சன் சொன்னது

காட்டுக்கு வேலியும் காவலும் வருவதற்கு வெகு காலம் முந்தி, மானுக்கு வில்லைத் தவிர வேறெதையும் எடுக்காத ஒரு மலை இருந்தது. அந்த மலையில் பதினாறு வில்லாளிகள். பதினாறு பேருக்கும் ஆசான் கெம்பி என்கிற பெண்.

கெம்பிக்கு நாற்பது வயதுதான். இருந்தாலும் மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள். நஞ்சன் ஒருவன் மட்டும் பேர் சொல்லத் துணிவும் இல்லாமல், அக்கா என்று சொல்ல வாயும் வராமல், ஆசானே என்பான். அவன் அவளைவிட ஐந்து வயது பெரியவன். முப்பத்தாறு வயதுவரை கண்ணி வைத்து முயல் பிடித்துக்கொண்டிருந்தவன், அதன் பிறகுதான் வில்லெடுத்து அவளிடம் வந்தான். வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

மழை ஓய்ந்து, புது வேட்டை தொடங்குவதற்கு முன்னால், எல்லோரும் ஓடைக்கரைப் பாறையில் ஒரு நாள் கூடுவார்கள். போன வருஷ வேட்டையை ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டும். எத்தனை மான் என்று யாரும் கேட்பதில்லை. அதெல்லாம் சாப்பிட்டுக் கையும் கழுவி ஆயிற்று. எந்த மரத்தில் உட்கார்ந்தாய், காற்று எந்தப் பக்கம், எத்தனை தப்படி தூரம், அம்பு போட்ட பிறகு என்ன செய்தாய், எங்கே பிசகினாய் என்பதுதான் கேள்வி. சொல்லாதவனுக்கு அந்த வருஷம் காடு கிடையாது.

எல்லோரும் சொல்லி முடித்த பிறகு கெம்பி ஒருவரை முன்னடையாகச் சொல்வாள். முன்னடை என்றால் அந்த வருஷம் காட்டுக்குள் முதலில் கால் வைப்பவன், தனக்கு வேண்டிய மரத்தை முதலில் எடுத்துக்கொள்பவன். மற்றவர்களுக்கு அவன் விட்டு வைத்த மரம்தான்.

நஞ்சனுக்கு முன்னடை வேண்டும். ஒன்பது வருஷமாக வேண்டும். அவனுக்கு முன்னால் கற்றவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது முன்னடையாக நடந்துவிட்டார்கள். இனி முறைப்படி பார்த்தால் அவன்தான். குறுக்கே நின்றவன் ஒருவன்தான், மாதன்.

மாதன் கீழ்நாட்டுக்காரன். இந்த ஊரில் பெண் கட்டி வீட்டோடு தங்கிவிட்ட மாப்பிள்ளை. ஏர் பிடித்துப் பழகிய கை. வில்லெடுத்து மூன்றே வருஷம். போன வேட்டையில் அவன் போட்டது ஒரே அம்பு. விழுந்தது பெரிய கடமான். ஊரே இரண்டு நாள் சாப்பிட்டது. நஞ்சன் போட்டது பதின்மூன்று அம்பு. வீட்டுக்குத் திரும்பி வந்தது பதினோரு அம்பு மட்டும்.

அன்றிலிருந்து நஞ்சனுக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் பொய். சோறு இறங்கியது, மற்றதெல்லாம் எரிந்தது. மாதன் சிரித்தால் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று பட்டது. சிரிக்காவிட்டால், பார் எவ்வளவு கர்வம் என்று பட்டது. பாவம், மாதனுக்கு இந்த இரண்டைத் தவிர வேறு முகம் கிடையாது.

ஒரு நாள் நெருப்பு வாங்கும் சாக்கில் நஞ்சன் அவன் வீட்டுக்குப் போனான். சுவரில் அந்த மானின் தோல் விரித்து அடித்திருந்தது. கால் பக்கம் கண்ணி இறுக்கிய தடம் ஏதாவது தெரிகிறதா என்று தடவித் தடவிப் பார்த்தான். கண்ணி விஷயத்தில் அவனை ஏமாற்ற முடியாது. தடம் எதுவும் இல்லை. மாதனின் மனைவி நெருப்போடு ஒரு கிண்ணம் தேனும் கொடுத்து அனுப்பினாள். அந்தத் தேன் அவனுக்குக் கசந்தது.

இந்த வருஷம் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் மாதன் வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளை பிறந்த வீட்டு ஆண் பத்து நாளைக்கு வில்லைத் தொடக் கூடாது, வில்லாளிகள் நடுவே உட்காரவும் கூடாது. செய்தி கேட்டுச் சந்தோஷப்பட்டவர்களில் குழந்தையைப் பெற்றவளுக்கு அடுத்தபடி நஞ்சன்தான்.

கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். போகன் என்பவன் தன் பரண் கிறீச்சிட்டு மானை விரட்டிய கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தான். நஞ்சன் முறை வந்தபோது அவன் எழுந்து பட்டென்று முடித்தான்.

"பன்னெண்டு அம்பு சும்மா போச்சு. ஒண்ணு ஒரு கலைமானை உரசிட்டுப் போச்சு. காத்து மாறிடுச்சு. அவ்வளவுதான்."

கெம்பி அவனை ஒரு கணம் பார்த்தாள்.

"சரி" என்றாள்.

கடைசியில் ஒரு இடம் காலியாக இருந்தது.

"மாதன் வரல. அவன் வேட்டையை வேற யாராவது சொல்லலாம். தெரிஞ்சவங்க இருக்கீங்களா?"

யாரும் பேசவில்லை. மாதன் அன்று தனியாகப் போனவன். அதிகம் பேசாதவன். மான் விழுந்தது எல்லோருக்கும் தெரியும், எப்படி விழுந்தது என்று யாருக்கும் தெரியாது.

"சொல்ல ஆள் இல்லன்னா இந்த வருஷம் அவனுக்குக் காடு இல்ல" என்றாள் கெம்பி.

நஞ்சன் ஓடையைப் பார்த்துக்கொண்டான். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். இன்னும் கொஞ்ச நேரம். முன்னடை தானாக மடியில் வந்து விழும். அவன் உதட்டை இறுக்கி வைத்துக்கொண்டான்.

போகன்தான் கெடுத்தான்.

"அதுல சொல்ல என்னக்கா இருக்கு? மாதனுக்குக் கண்ணு அப்படி. ஐம்பது தப்படியில எலை ஆடினா எலைக் காம்புல அடிப்பான். சில பேர் பொறக்கும்போதே வில்லாளி."

"ஐம்பதா!" என்றான் நஞ்சன்.

சொல்லிவிட்டுத்தான் தான் பேசியது அவனுக்கே தெரிந்தது. ஆனால் ஐம்பது என்று கேட்ட பிறகு எப்படிச் சும்மா இருப்பது?

"பதினெட்டு! பதினெட்டுத் தப்படி! அந்தத் தூரத்துல எங்க மாமியாகூட அடிப்பா. அவளுக்கு ஒரு கண்ணு புரை."

எல்லோரும் சிரித்தார்கள். கெம்பி சிரிக்கவில்லை.

"பதினெட்டுன்னு உனக்கு எப்படித் தெரியும் அண்ணா?"

"போய் அளந்தேன்."

"அப்ப உனக்குத் தெரியும். சொல்லு."

நஞ்சன் எழுந்தான். சொல்லத்தான் போகிறான், ஆனால் ஒரு வித்தையும் இல்லை என்று தெரியும்படி சொல்லப் போகிறான். மாதனின் பெருமையை இந்தப் பாறை மேலேயே உரித்துப் போட்டுவிடலாம் என்று நினைத்தான்.

"ஓடை திரும்புற இடத்துல ஒரு நாவல் மரம். அதுல உட்கார்ந்திருந்தான். அங்க மான் தண்ணிக்கு வர்றது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். இவன் ஒண்ணும் புதுசா கண்டுபிடிக்கல."

"காத்து?"

"காலைல மேலேருந்து கீழ இறங்குற காத்து. மானும் மேலேருந்துதான் வரும். அதனால இவன் வாசம் அதுக்குத் தெரியல. அதிர்ஷ்டம்."

"மரத்துக்கு எந்தப் பக்கமா போனான்?"

நஞ்சன் சற்றுத் தயங்கினான்.

"கீழேருந்து. ஓடைத் தண்ணிக்குள்ளயே நடந்து போயிருக்கான். கரையில ஒரு காலடிகூட இல்ல. நான் ரெண்டு கரையும் பாத்தேன். குளிர்ல முழங்கால் வரைக்கும் தண்ணியில, எருமை மாதிரி."

யாரோ அடேயப்பா என்றார்கள். அது கிண்டல் இல்லை.

"மூணு நாள் சும்மா உட்கார்ந்திருக்கான்" என்றான் நஞ்சன் வேகமாக.

"மான் வரலியா?"

"வந்திருக்கு. பழைய தடமும் புதுத் தடமும் இருந்துச்சு. ஒண்ணு குட்டியோட வந்திருக்கு, விட்டுட்டான். ஒண்ணு மரத்தைப் பாத்து நேருக்கு நேர் நின்னிருக்கு, அதையும் விட்டுட்டான். அம்பை எடுக்கவே பயம் அவனுக்கு!"

நேருக்கு நேர் நிற்கும் மானின் மேல் அம்பு போடக் கூடாது என்பது கெம்பி முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம். போன வேட்டையில் நஞ்சனின் நாலு அம்பு அப்படிப் போனவைதான். அதை அவன் இங்கே சொல்லவில்லை.

"நாண் ஓசை கேட்டு மான் குதிச்சு விலகிடுமே?" என்று கேட்டான் போகன்.

"எப்படிக் குதிக்கும்? நாண்ல ரெண்டு முனையிலும் முயல் தோல் சுத்தி வச்சிருக்கான். சத்தமே வராது."

"முயல் தோலா? நான் பாக்கலியே!"

"நான் பாத்தேன். அவன் வீட்டுச் சுவர்ல வில்லு தொங்குச்சு. இழுத்தும் பாத்தேன்." இதைச் சொல்லும்போது நஞ்சனின் குரலில் தன்னையறியாமல் ஒரு ரசனை வந்தது. உடனே அதை விழுங்கிக்கொண்டான். "நாலாவது நாள் ஒண்ணு வந்து தலையைக் குனிஞ்சு தண்ணி குடிச்சிருக்கு. முன்னங்கால் முன்னால நீட்டியிருந்துச்சு. நெஞ்சு முழுசாத் தெரியும். பதினெட்டுத் தப்படி. அதுல அடிக்க வித்தை வேணுமா?"

"அடிச்ச உடனே இறங்கிட்டானா?"

அம்பு பட்ட மான் அந்த இடத்திலேயே விழுவதில்லை. கொஞ்ச தூரம் ஓடும். பின்னால் யாரும் வரவில்லை என்றால் படுத்துக்கொள்ளும். படுத்த இடத்திலேயே அதன் உயிர் போய்விடும். பின்னாலேயே ஓடினால் எழுந்து இரண்டு மலை தாண்டிவிடும். அந்த மலையில் இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் மரத்து மேல் உட்கார்ந்திருக்க முடிவதில்லை.

"இறங்கல" என்றான் நஞ்சன். "நெல்லிக்காய் தின்னுட்டு உட்கார்ந்திருந்தான். இருபத்து மூணு. மரத்தடியில கொட்டை கிடந்துச்சு, எண்ணினேன்."

"கொட்டையையுமா எண்ணினே!" என்றான் போகன்.

"அது அம்பு போடறதுக்கு முன்னாடி தின்னதா இருக்கலாமே?" என்றாள் கெம்பி.

"இல்ல. முன்னாடி தின்னா கடிக்கிற சத்தம் கேக்கும்னு மடியிலயே வச்சிருந்தானாம். அவன் பொண்டாட்டி சொன்னா. ஒரு நெல்லிக்காயை அவன் எவ்வளவு நேரம் மெல்லுவான் தெரியுமா உங்களுக்கு? மாடு தோத்துப் போகும். நானும் அதே மரத்துல ஏறி உட்கார்ந்து இருபத்து மூணு தின்னு பாத்தேன். நிழல் வேரை விட்டு ஓடைக் கல்லு வரைக்கும் போயிடுச்சு."

இப்போது போகன்கூடக் கிண்டல் செய்யவில்லை.

"ரத்தம்?"

"நல்ல சிவப்பு. நுரை. வழியில ரெண்டு பக்கச் செடியிலயும் இருந்துச்சு. அம்பு உள்ள போய் வெளிய வந்திருக்கு."

"எவ்வளவு தூரம் போய் விழுந்துச்சு?"

"எழுபத்திரண்டு தப்படி. ஒரு புங்க மரத்தடி. திரும்பிக்கூடப் பாக்கல அது. என்ன பட்டுச்சுன்னு தெரியாமலே போயிருக்கு."

நஞ்சன் உட்கார்ந்தான். இதில் என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள் என்கிற மாதிரி சுற்றிப் பார்த்தான். எல்லோரும் அந்த நாவல் மரத்தில் ஏறி இறங்கி வந்தவர்கள் போல இருந்தார்கள். ஒருவன் தன் நாணைக் கையில் எடுத்து முனையைத் தடவிக்கொண்டிருந்தான். முயல் தோலுக்கு எங்கே போவது என்று யோசிக்கிறான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

"நல்லா சொன்னே அண்ணா" என்றாள் கெம்பி. "மாதனே வந்திருந்தாலும் இவ்வளவு சொல்லியிருக்க மாட்டான். அவனுக்குக் காடு உண்டு."

பிறகு மற்றவர்களைப் பார்த்தாள்.

"முன்னடையும் அவன்தான். பத்து நாள் கழியட்டும். அவன் வந்த பிறகு போவோம்."

யாரும் மறுத்துப் பேசவில்லை. போகன் தலையை ஆட்டினான். நஞ்சன் கெம்பியின் பக்கம் திரும்பினான்.

"நான் சொன்னதை வச்சு அவனுக்கா?"

"நீ சொன்னதை வச்சுத்தான்."

"ஒன்பது வருஷம் ஆசானே! அவன் வந்து மூணு வருஷம். என் வாயாலயே அவனுக்கு எடுத்துக் கொடுத்துட்டீங்களே!"

நஞ்சன் எழுந்து நின்றான். பொறாமை என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்கிற பயம்கூட அவனுக்கு அப்போது இல்லை. சொல்லட்டும். அவனுக்குப் பொறாமைதான்.

"ஒண்ணு மட்டும் கேக்கிறேன். அதே காடு. அதே நாள். அவன் ஓடைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அவன் மான் விழுந்துச்சு. என் மான் ஏன் விழல?"

"உன் மானைச் சொல்லு" என்றாள் கெம்பி.

"சொன்னேனே. உரசிட்டுப் போச்சு."

"எந்த மரத்துல இருந்தே?"

"வேங்கை. இல்ல, மருது."

"காத்து?"

"காத்து... மாறிடுச்சு."

"எந்தப் பக்கத்துலேருந்து எந்தப் பக்கம்?"

நஞ்சன் கையை மேட்டுப் பக்கம் நீட்டினான், பிறகு ஓடைப் பக்கம் நீட்டினான்.

"எத்தனை தப்படி?"

"இருபத்தஞ்சு. முப்பது இருக்கும்."

"ரத்தம் என்ன நிறம்?"

"பாக்கல."

"அம்பு எவ்வளவு உள்ள போச்சு?"

உரசல் என்று நஞ்சன் மனைவியிடம் சொல்லியிருந்தான். ஊரில் சொல்லியிருந்தான். பத்து மாதமாகத் தனக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் அந்த மான் துள்ளித் திரும்பியபோது அதன் விலாவில் நின்ற அம்பைப் பார்த்தது அவன் கண்தான்.

"பாதி" என்றான்.

பாதி அம்பு இறங்கிய மான் பிழைக்காது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"இறங்கிட்டியா?"

"இல்ல. உட்கார்ந்துதான் இருந்தேன். சத்தியமா உட்கார்ந்திருந்தேன். அது ஓடி மூங்கில் புதருக்குள்ள போய்ப் படுத்துச்சு. மேலேருந்து அதோட காது மட்டும் தெரிஞ்சுது. காது ஆடிட்டே இருந்துச்சு. அப்புறம் ஆடறது கொஞ்சம் கொஞ்சமா நின்னுட்டு வந்துச்சு."

"அப்புறம்?"

"அவன் கூவினான்."

மான் விழுந்தால் எதிர்மலைக்குக் கேட்கும்படி கூவுவது வழக்கம். அந்தக் கூவலைக் கேட்டவர்கள் இருந்த இடத்திலிருந்தே பதிலுக்குக் கூவுவார்கள். அன்று எல்லோரும் கூவினார்கள், நஞ்சனைத் தவிர.

"என்னால உட்கார முடியல ஆசானே. இன்னும் கொஞ்ச நேரம்தான்னு தெரியும். ஆனா அவன் முந்திட்டான்ல. நானும் உடனே கூவணும். இறங்கி ஓடினேன். அது எந்திரிச்சுது. நின்னு என்னைப் பாத்துச்சு. அந்த நிலமையிலயும் எந்திரிச்சு, அம்போட, மேட்டுல ஏறிப் போயிடுச்சு."

அவன் குரல் உடைந்தது.

"தேடினியா?"

"அன்னைக்கு இருட்டுற வரைக்கும் தேடினேன்."

"மறுநாள்?"

"மறுநாளும் காட்டுக்குப் போனேன்."

"எங்க?"

நஞ்சன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அவன் மரத்துக்கு."

"அதுக்கு மறுநாள்?"

"அவன் மரத்துக்குத்தான்."

கெம்பியின் குரலில் கோபம் இல்லை.

"மாதன் வேட்டையைச் சொல்ல இப்ப இந்த மலையில ரெண்டு பேர் இருக்கீங்க, அண்ணா. உன் மான் எங்க கிடந்து செத்துச்சுன்னு சொல்ல ஒருத்தரும் இல்ல."